நின்றுபோன கள்ளி: புது வேரா, ஒட்டா?

பெங்களூரில் அல்சூர், ஜெயநகர்ப் பக்கம் மாடியில் கள்ளி வளர்க்கும் நம்மவர்கள் பலருக்கும் இதே குறைதான்: செடி சாகவும் இல்லை, வளரவும் இல்லை. டிசம்பர், ஜனவரியில் இப்படி நின்றால் கவலை வேண்டாம். இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கும் அந்த மாதங்களில் மாமிலேரியா போன்ற கள்ளி வகைகள் ஓய்வெடுக்கும். பிப்ரவரி கடைசியில் வெயில் ஏறிய பிறகும் அசையாவிட்டால்தான் கை வைக்க வேண்டும். வழி இரண்டு: புதிதாக வேர்விட வைப்பது, அல்லது வேறு கள்ளியின் தண்டின் மேல் ஒட்டுக் கட்டுவது. உரம் இதில் சேராது. வேர் செத்த செடியால் உரத்தை எடுக்க முடியாது.

முதலில் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். நர்சரிச் செடி என்றால் வேரைச் சுற்றி பெரும்பாலும் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இறுகியிருக்கும். அது நனைந்தால் நாள்கணக்கில் ஈரம் விடாது. முழுக்கக் காய்ந்து இறுகினால் தண்ணீர் சரியாக உள்ளே இறங்காது. இரண்டுமே வேருக்கு ஆகாது. வெள்ளைப் பஞ்சாகத் தெரிந்தால் மாவுப்பூச்சி. எதுவானாலும் வேரைக் கழுவி, செத்ததை வெட்டி, ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, பொடி ஜல்லியும் பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல்துகள்) பாதிக்கு மேல் கலந்த மண்ணில் நடுங்கள். உடனே தண்ணீர் ஊற்ற வேண்டாம். புது வேர்விட வாரக்கணக்கில் ஆகும், ஆனால் செடியின் சொந்த உருவம் அப்படியே இருக்கும்.

ஒட்டுக்கு இங்கே சுலபமாகக் கிடைப்பது டிராகன் பழத் தண்டு. அந்தத் தண்டையும் கள்ளியையும் சுத்தமான கத்தியால் வெட்டி, நடுவில் தெரியும் வளையங்கள் ஓரிடத்திலாவது தொடும்படி வைத்து ரப்பர் பேண்ட் போட வேண்டும். பிடித்துவிட்டால் வளர்ச்சி வேகம்தான். ஆனால் உருண்டைக் கள்ளி ஊதிப்போய் அழகு கெடும். டிராகன் தண்டும் சில வருடங்களில் தளர்ந்துவிடும். பச்சையமே இல்லாத ஜிம்னோகேலிசியம் என்ற சிவப்பு உருண்டைக் கள்ளிக்கு மட்டும் வேறு வழியில்லை, ஒட்டில்தான் உயிர் வாழும். அடி அழுகி, உச்சி மட்டும் நல்லதாக இருந்தாலும் ஒட்டு கை கொடுக்கும்.

உச்சி முதல் அடி வரை திடமாக இருக்கும் செடியை ஒட்டுக்காக வெட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது. அதற்குப் புது வேர்தான் சரி.

எதைச் செய்தாலும் பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை செய்யுங்கள். சுதந்திர தினத்தையொட்டி லால்பாக் மலர்க்காட்சியில் வாங்கும் செடியை வாங்கிய கையோடு வெட்டாதீர்கள். ஆகஸ்ட் மேகமூட்டத்தில் வெட்டுவாய் காயாமல் பூஞ்சை பிடிக்கும்.