டெல்மார்வாவிலிருந்து பால்டிமோர் வரை: ஜாக்சன் ஹாலிடேயைப் பின்தொடர்ந்த அனுபவம்

ஒரு இளம் பேஸ்பால் ஆட்டக்காரரை மைனர் லீக்கின் அடிமட்டத்திலிருந்தே பின்தொடர நினைப்பவர்களுக்கு மேரிலாந்து அளவுக்கு வசதியான மாநிலம் அதிகம் இல்லை. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்கு ஆட்களைத் தயார் செய்யும் நான்கு அணிகளும் காரில் போகிற தூரத்தில் இருந்தன. சாலிஸ்பரியில் டெல்மார்வா ஷோர்பேர்ட்ஸ், அபர்டீனில் அயர்ன்பேர்ட்ஸ், போவியில் பேசாக்ஸ், வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் டைட்ஸ். சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று இதே வரிசையில் ஏறிப் போக வேண்டும். அதற்கு மேலேதான் மேஜர் லீக். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குச் சொல்வதென்றால், மாவட்ட அணியில் தொடங்கி ரஞ்சி வழியாக டெஸ்ட் வரை ஒரு பையன் ஏறுவதை மைதானத்திலேயே உட்கார்ந்து பார்ப்பது மாதிரி.

நான் பின்தொடர்ந்தது ஜாக்சன் ஹாலிடேயை. 2021இல் ஓரியோல்ஸ் 110 ஆட்டங்களில் தோற்றது. அந்தத் தோல்விக்குக் கிடைத்த பலன், 2022 டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் தேர்வு. அதில் ஒக்லஹோமாவின் ஸ்டில்வாட்டர் பள்ளியில் படித்த இந்த ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) பையனை எடுத்தார்கள். ஒப்பந்தத் தொகை 81.9 லட்சம் டாலர். பள்ளியிலிருந்து நேராக வந்த எந்த ஆட்டக்காரருக்கும் அதுவரை அவ்வளவு கொடுத்ததில்லை. அப்பா மாட் ஹாலிடே ஏழு முறை ஆல்-ஸ்டார். அந்த அப்பாவே 1998இல் ஏழாவது சுற்றில் எடுக்கப்பட்டு, மைனர் லீக்கில் வருடக்கணக்காக உழன்று, 2004இல்தான் மேஜர் லீக்கில் கால் வைத்தார். மகன் எவ்வளவு சீக்கிரம் வருவான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த ஆறு வருடம்தான் அடிக்கடி நினைவுக்கு வந்தது.

முதலில் சாலிஸ்பரி. பால்டிமோரிலிருந்து பே பிரிட்ஜைத் தாண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். பாலம் தாண்டியதும் வயல்கள், சாலையோரத்தில் சோளக் கடைகள், நீள நீளமான கோழிப் பண்ணைக் கொட்டகைகள். மைதானத்தின் பெயரும் பெர்டியூ. அந்த வட்டாரத்தில் கோழித் தொழிலால் பெரியதான குடும்பத்தின் பெயர் அது. மேஜர் லீக் மைதானத்தில் ஒரு பார்க்கிங்குக்குக் கொடுக்கிற பணத்துக்கு இங்கே உள்ளே உட்கார்ந்துவிடலாம். அதுவும் ஆட்டக்காரர்கள் காத்திருக்கும் டக்அவுட்டுக்குப் பக்கத்திலேயே. பந்து கையுறையில் விழும் சத்தம், பேஸ் கோச் கத்துவது, அடுத்து பேட் செய்ய வேண்டியவன் பிடி வழுக்காமல் இருக்க பேட்டில் பைன் தார் தேய்ப்பது என்று எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும்.

அங்கே பக்கத்து இருக்கையில் ஒரு வயதான அம்மா. எத்தனையோ வருடமாக சீசன் டிக்கெட் வைத்திருப்பவர். முன்பெல்லாம் ஆட்டக்காரர்களுக்குக் கையில் பணம் இருக்காது, உள்ளூர்க் குடும்பங்கள்தான் வீட்டில் ஓர் அறை கொடுத்துத் தங்க வைக்கும். அவரும் அப்படித் தங்க வைத்தவர். “ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டம் முடிந்து வந்து, ஃப்ரிட்ஜில் இருக்கும் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடுவான்கள்” என்று பெருமையாகச் சொன்னார். அவர் வீட்டில் தங்கியவர்களில் ஒருவர்கூட மேஜர் லீக் போகவில்லை. எல்லோருடைய கல்யாணத்துக்கும் அழைப்பு வந்திருக்கிறது. 2022 முதல் தங்குமிடத்தை மேஜர் லீக் அணிகளே கொடுக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. 2023இல் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு முதல்முறையாகத் தொழிற்சங்க ஒப்பந்தமும் வந்தது. சிங்கிள்-ஏ சம்பளம் ஆண்டுக்கு 26,200 டாலர் ஆனது. அதற்கு முன் அதில் பாதிகூட இல்லை. டிரிபிள்-ஏவில் 35,800. மேஜர் லீக்கில் 2024இன் குறைந்தபட்சமே 7,40,000. இந்த எண்களைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு பையன் முதல் பேஸுக்கு உயிரைக் கொடுத்து ஓடுவது ஏன் என்று விளங்கும்.

பின்தொடர்வதற்கான வழிகளில் எது உதவியது என்று கேட்டால், என் ஓட்டு ரேடியோவுக்கு. மைனர் லீக் அணிகளின் நேரலை வர்ணனையை இணையத்தில் இலவசமாகவே கேட்கலாம். வர்ணனையாளர் பெரும்பாலும் இருபது சொச்சம் வயதுக்காரர், அவரும் மேலே போகத் துடிப்பவர். அணியோடு பஸ்ஸிலேயே போய் வருவதால் யாருக்கு முழங்கை வலி, யார் காலைத் தூக்கி அடிக்கும் பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வீடியோவும் உண்டு, ஆனால் கீழ்மட்டத்தில் படம் சுமார்தான். கேமரா கோணம் சரியில்லாத மைதானத்தில் பந்து ஸ்ட்ரைக்கா (அடிக்கத் தகுந்த எல்லைக்குள் வந்ததா) இல்லையா என்பதே தெரியாது. சமையல் செய்துகொண்டே, துணி மடித்துக்கொண்டே கேட்கிற ரேடியோவில்தான் ஒரு சீசனின் ஓட்டம் எனக்குள் பதிந்தது.

பாக்ஸ் ஸ்கோரை (ஓர் ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டவணை) எப்படிப் படிப்பது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோரும் முதலில் பார்ப்பது பேட்டிங் சராசரி, அதாவது அடிக்க முயன்ற வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட் (அடித்து பேஸைச் சேர்வது) ஆனது என்ற விகிதம். மைனர் லீக்கில் அது ஏமாற்றும். விளக்கு மங்கல், தரை மேடுபள்ளம், எதிரணி ஃபீல்டர்களும் கற்றுக்கொண்டிருப்பவர்கள். சாதாரணமாக உருண்டு போகிற பந்துகூட ஹிட் ஆகிவிடும். நான் பார்ப்பது வாக் எத்தனை, ஸ்ட்ரைக்அவுட் எத்தனை என்பதை. நான்கு கெட்ட பந்தை விட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்து போவது வாக், மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட் ஆவது ஸ்ட்ரைக்அவுட். கெட்ட பந்தை விட்டுவிடும் கண் ஒரு பையனுக்கு இருக்கிறதா என்பதை அந்த இரண்டும் சொல்லும். 2023 சீசனில் ஹாலிடே நான்கு மட்டத்திலுமாக 125 ஆட்டம் ஆடி 101 வாக் எடுத்தார். 19 வயதுப் பையனுக்கு அது அபூர்வம். நேரில் பார்க்கும்போது இது இன்னும் அழகு. இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு வெளியே வளைந்து போகிற பந்துக்கு உடம்பு லேசாக முன்னால் சாயும், கை மட்டும் நகராது. அம்பயர் வாய் திறப்பதற்கு முன்பே முழங்கைக் காப்பைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்.

அந்த 2023 ஓடிய வேகத்துக்கு நானே மூச்சு வாங்கினேன். டெல்மார்வாவில் 14 ஆட்டம், சராசரி .396. ஏப்ரல் கடைசியிலேயே அபர்டீன். அங்கே 57 ஆட்டம். ஜூலையில் போவி, 36 ஆட்டம், .338. செப்டம்பரில் நார்ஃபோக். அந்த வருடம் டைட்ஸ் அணி டிரிபிள்-ஏ சாம்பியனும் ஆனது. அபர்டீன் மைதானத்துக்கு அந்த ஊரிலேயே வளர்ந்த கால் ரிப்கன் ஜூனியரின் பெயர். தொடர்ந்து 2,632 ஆட்டம் ஒன்றுகூட விடாமல் ஆடிய ஷார்ட்ஸ்டாப். அவர் பெயருள்ள மைதானத்தில் அதே ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்று ஆடும் பையனைப் பார்க்க வந்த கூட்டத்தில் பழைய எட்டாம் எண் சட்டை போட்ட தாத்தாக்கள் நிறைய. என் மகள் ஸ்கோர்கார்டு எழுதப் பழகியதும் அங்கேதான். பென்சிலும் அழிப்பானும் கையில் இருந்தால் குழந்தைகள் மூன்று மணி நேரம் அலுக்காமல் உட்காருவார்கள்.

இங்கே ஒரு நடைமுறை விஷயம். 2021இலிருந்து பெரும்பாலும் ஒரே எதிரணியோடு செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டம், திங்கள் ஓய்வு. பதவி உயர்வு செய்தி அந்த ஓய்வு நாளை ஒட்டித்தான் அதிகம் வரும். ஆகவே நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் பையனைப் பார்க்க அடுத்த மாத டிக்கெட்டை இப்போதே வாங்காதீர்கள். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை வாங்கினால் போதும், இடம் கிடைக்கும்.

ஹாலிடேக்காகப் போய் வேறு சிலரிடமும் மனதைக் கொடுத்துவிட்டேன். ஹெஸ்டன் கெர்ஸ்டாட், 2020 டிராஃப்டின் இரண்டாம் தேர்வு. இதயத் தசை அழற்சியால் 2021 முழுவதும் ஆட முடியாமல் போனவர். முதல் தேர்வுக்குக் கிடைக்கும் கைதட்டலில் பாதிகூட அவருக்கு விழாது. ஆனாலும் 2023 செப்டம்பரில் அவர் மேஜர் லீக்கில் இறங்கியபோது எனக்குக் கண் கலங்கியது. இந்தப் பழக்கம் தரும் பெரிய லாபம் இதுதான். தரவரிசையில் முதல் பெயரைத் தேடிப் போவீர்கள், ஒரு முழு அணியின் தலையெழுத்தோடு திரும்புவீர்கள்.

2024 ஏப்ரல் 10ஆம் தேதி பாஸ்டனின் ஃபென்வே மைதானத்தில் ஹாலிடே மேஜர் லீக்கில் இறங்கினார். வயது 20. அதன் பிறகு நடந்ததுதான் இந்த அனுபவத்தின் கடினமான பகுதி. பத்து ஆட்டத்தில் 34க்கு 2, அதாவது அடிக்க முயன்ற 34 வாய்ப்பில் இரண்டே ஹிட். பேட் செய்ய வந்த 36 முறையில் 18 ஸ்ட்ரைக்அவுட், சரிபாதி. நான்கு மட்டத்திலும் யாரும் அசைக்க முடியாத அந்தக் கண், இங்கே வேகப்பந்துக்கு ஒரு இமைப்பொழுது பின்தங்கியது. ஏப்ரல் 26ஆம் தேதி நார்ஃபோக்குக்கே திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு நாளும் பார்த்தவர்களுக்கு அது வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தோற்ற வருத்தம்.

ஏன் அப்படி ஆனது? மேஜர் லீக் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) மேலானவர்கள் என்பது எல்லோரும் சொல்வது, உண்மையும்கூட. அதோடு ஸ்ட்ரைக் சோனும் (ஸ்ட்ரைக் ஆவதற்கான அந்த எல்லை) ஒரு காரணம் என்பது என் எண்ணம். 2023இல் டிரிபிள்-ஏவில் வாரத்தின் முதல் மூன்று ஆட்டங்களில் ஸ்ட்ரைக்கா பாலா (எல்லைக்கு வெளியே போன பந்தா) என்பதை இயந்திரமே தீர்மானித்தது. மற்ற மூன்றில் அம்பயர் சொல்வார், ஆட்டக்காரர் மறுத்து இயந்திரத்திடம் முறையிடலாம். 2024 தொடக்கத்திலும் அதே ஏற்பாடு. இயந்திரம் விளிம்புப் பந்தை இரக்கப்பட்டு ஸ்ட்ரைக் என்று கொடுக்காது. நல்ல கண் உள்ள பேட்டருக்கு அது வரப்பிரசாதம். மேலே போனால் அப்போது மனித அம்பயர் மட்டும்தான். கீழே விட்டுவிட்டு நிம்மதியாக நடந்த அதே பந்துக்கு மேலே ஸ்ட்ரைக் விழும். அடுத்த பந்தில் பதற்றம். டிரிபிள்-ஏ வாக் கணக்கைப் பார்த்து ஒரு பையன் தயார் என்று முடிவு கட்டும்போது இதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் கோடையில் நார்ஃபோக் போனது மறக்க முடியாது. ஹார்பர் பார்க் எலிசபெத் நதிக்கரையில் இருக்கிறது, பக்கத்திலேயே ரயில் தண்டவாளம். நதியில் கப்பல்கள் போகும். வழியில் ஹாம்ப்டன் ரோட்ஸ் சுரங்கப் பாலத்தில் மாட்டிக்கொண்டால் முதல் இன்னிங்ஸ் போச்சு, சீக்கிரமே கிளம்புங்கள். போன வருடம் கொண்டாடப்பட்டு வந்தவர் இப்போது இறக்கப்பட்டு நிற்கிறார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பயிற்சி நேரத்தில் இரண்டாம் பேஸில் நின்று அதே திரும்பி எறியும் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தார். பால்டிமோரில் ஷார்ட்ஸ்டாப் இடம் கன்னர் ஹெண்டர்சனுடையது, இவர் புது இடம் பழக வேண்டும்.

ஜூலை 31ஆம் தேதி மறுபடி அழைத்தார்கள். அன்றைக்கே ஓரியோல்ஸின் சொந்த மைதானமான கேம்டன் யார்ட்ஸில் டொரன்டோவுக்கு எதிராக மூன்று பேஸும் நிறைந்திருக்க, முதல் மேஜர் லீக் ஹோம் ரன். கிராண்ட் ஸ்லாம், 439 அடி. பந்து மைதானத்தைத் தாண்டி யூட்டா தெருவில் விழுந்தது. வீட்டில் நாங்கள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சாலிஸ்பரி முதல் நார்ஃபோக் வரை ஓட்டிய தூரம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு அடியே போதும் என்று இருந்தது.

அதன் பிறகு எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். 2024ஐ .189 சராசரியோடுதான் முடித்தார். 2025இல் தினமும் ஆடினார், 17 ஹோம் ரன், சராசரி .242. நாட்டின் இளம் ஆட்டக்காரர்களில் முதலிடம் என்று கேட்டு வந்தவர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியும். 21 வயதில் மேஜர் லீக்கில் ஒரு முழு சீசன் நின்று ஆடுவதே எவ்வளவு பெரிய காரியம் என்பது, கீழ்மட்டத்தில் அவரோடு ஆடி எங்கோ மறைந்துபோனவர்களை ரேடியோவில் பெயர் பெயராகக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

யாருக்கு இது ஒத்துவரும்? தினமும் கால் மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு. ஒருவரையே இரண்டு மூன்று வருடம் பார்க்கப் பொறுமை உள்ளவர்களுக்கு. தரவரிசைப் பட்டியலை மட்டும் பார்த்து யார் பெரிய ஆள் ஆவார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கு வேண்டாம், அந்த 2024 ஏப்ரல் போன்ற ஒரு மாதம் வந்தால் வெறுத்துவிடுவீர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள சிங்கிள்-ஏ அணியில் ஒரு பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்றே இல்லை. ஏழாவது சுற்றில் எடுத்தவராகவும் இருக்கலாம். அணிகளின் பெயர்களும் இடங்களும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேசாக்ஸ் அணியே 2025இலிருந்து போவி என்ற ஊர்ப் பெயரை விட்டு செசபீக் பேசாக்ஸ் ஆகிவிட்டது, மைதானம் அதேதான்.

எங்கள் வீட்டில் இப்போது அடுத்த ஹாலிடே. தம்பி ஈத்தனை 2025 டிராஃப்டில் கொலராடோ ராக்கீஸ் நான்காவதாக எடுத்தது. 90 லட்சம் டாலர், பள்ளி ஆட்டக்காரர்களில் அண்ணன் தொகையைத் தாண்டிய ஒப்பந்தம். முதலில் அனுப்பியது கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ கிரிஸ்லீஸ் அணிக்கு. நேரில் போக முடியாத தூரம். அங்கே மாலை ஆட்டம் தொடங்கும்போது இங்கே இரவு பத்து மணி ஆகிவிடும். ரேடியோதான். வாக் எத்தனை, ஸ்ட்ரைக்அவுட் எத்தனை என்று மகள் மறுநாள் காலையில் பாக்ஸ் ஸ்கோர் பார்த்துச் சொல்கிறாள்.