குளியலறைப் புதுப்பிப்பு: மொத்த ஒப்பந்தமா, கூலி ஒப்பந்தமா?

சென்னையில் பழைய குளியலறையைப் புதுப்பிப்போர், பொருளும் கூலியும் சேர்த்து ஒருவரிடமே ஒப்படைப்பதா, பொருளைத் தாமே வாங்கிக் கொடுத்துக் கூலிக்கு மட்டும் பேசுவதா என்று தயங்குவது இயல்பு. கூலி ஒப்பந்தத்தில் டைல்ஸ், குழாய் ஆகியவற்றின் தரம் நம் கையில் இருக்கும். செலவும் பெரும்பாலும் குறையும். ஆனால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்தால், கொத்தனார் பிளம்பரையும், பிளம்பர் நாம் வாங்கிய பொருளையும் குறை சொல்வார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நேர்ந்தது. தண்ணீர் வெளியேறும் துளையைச் சுற்றி விரல்நுனி அகலத்துக்கு வாட்டர் ப்ரூஃபிங் பூச்சு விட்டுப்போயிருந்ததை, பதித்த டைல்ஸைப் பெயர்த்த பிறகே கண்டோம்.

மொத்த ஒப்பந்தத்தில் அந்தப் பொறுப்பு ஒருவரையே சேரும். எனினும் பொருள்களின் பிராண்டு, டைல்ஸ் பதிக்கும் முன் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதிப்பது, அதன் பிறகே அடுத்த தவணை என்பவற்றை எழுத்தில் பெறாவிட்டால் பயனில்லை.

அனுமதி விஷயத்தில் இரண்டும் ஒன்றே. டைல்ஸ் மாற்றுவதற்குப் பொதுவாகக் கட்டட அனுமதி தேவைப்படாது. அறையை வெளியே நீட்டினாலோ தூண், உத்திரத்தில் கைவைத்தாலோ நிலை வேறு. புதிய கழிவுநீர் இணைப்புக்குச் சென்னைக் குடிநீர் வாரியத்தை அணுக வேண்டும். ஒப்பந்தக்காரர் அலைந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் வீட்டு உரிமையாளரே. அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மொத்த ஒப்பந்தத்தையே பரிந்துரைப்பேன். தரைத்தளத் தனிவீட்டுக்குக் கூலி ஒப்பந்தம் போதும்.