மடக்குக்கத்திக்கு எண்ணெய் இட எது ஏற்றது: தெளிப்பானா, மூக்குப் புட்டியா, சிரிஞ்சா, ஊசிக்காதா?

மடக்குக்கத்திக்கு எந்த எண்ணெய் நல்லது என்று நிறையப் பேசுகிறார்கள். அந்த எண்ணெயை எதைக் கொண்டு உள்ளே விடுவது என்று பேசுவோர் குறைவு. கத்தியைத் திறக்கும்போது விரலில் பிசுபிசுப்பு ஒட்டுவதும், கால்சட்டைப் பையில் கறை படிவதும், பையிலுள்ள நூல்தூசி அச்சாணியைச் சுற்றிச் சேர்ந்து கறுப்புக் களிம்பாக இறுகுவதும் பெரும்பாலும் எண்ணெயின் தரக்குறைவால் நேர்வதில்லை. தேவைக்கு மேல் விட்டதாலும், வேண்டாத இடத்தில் விட்டதாலுமே நேர்கின்றன. ஆகவே இங்கே முதன்மையாக ஒப்பிடப்படுபவை எண்ணெயை இடும் கருவிகள்: அழுத்தப்பட்ட வாயுவால் பீய்ச்சும் தெளிப்பான், நீண்ட மூக்குடைய தையல் மெஷின் எண்ணெய்ப் புட்டி, ஊசிமுனைப் புட்டியும் அதற்கு மாற்றான சிரிஞ்சும், கடைசியாக வீட்டிலுள்ள தையல் ஊசி.

முதலில் எவ்வளவு எண்ணெய் தேவை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. திருகாணியால் பிணைக்கப்பட்ட இன்றைய மடக்குக்கத்திகள் பலவற்றில் அலகின் இருபுறமும் ஒவ்வொரு வாஷர் இருக்கும். அதன் வெளிவிட்டம் 10 மில்லிமீட்டர், உள்விட்டம் 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு முகத்தின் பரப்பு ஏறத்தாழ 66 சதுர மில்லிமீட்டர் வரும். இரண்டு வாஷர்களின் நான்கு முகங்களிலும் 0.02 மில்லிமீட்டர் தடிமனில் படலம் நிற்க வேண்டுமென்றாலும் மொத்தத் தேவை 5 கன மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதாவது ஒரு மில்லிலிட்டரில் இருநூறில் ஒரு பங்கு. சாதாரணச் சொட்டுக்குழாயில் ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் 20 சொட்டுகளாக விழும் என்பது வழக்கமான கணக்கு. எண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீரினுடையதில் பாதிக்கும் குறைவு என்பதால் அதே குழாயிலிருந்து எண்ணெய் சிறிய சொட்டாக விழும். அந்தச் சிறிய சொட்டும் 20 கன மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். ‘ஒரே ஒரு சொட்டு விட்டால் போதும்’ என்னும் அறிவுரை, குழாயின் முனை பருமனாக இருந்தால், நான்கு மடங்கு அதிகமாக விடச் சொல்லும் அறிவுரையாகிவிடுகிறது.

சொட்டின் அளவைத் தீர்மானிப்பது கையின் நிதானத்தைக் காட்டிலும் முனையின் விட்டமே. முனை மெலிய மெலியச் சொட்டும் அதே விகிதத்தில் சிறுக்கும். 2 மில்லிமீட்டர் முனையில் 15 முதல் 20 கன மில்லிமீட்டர் வரை திரளும் எண்ணெய், 0.3 மில்லிமீட்டர் ஊசியில் சுமார் 3 கன மில்லிமீட்டரிலேயே விழுந்துவிடும். மறுபக்கம், அலகுக்கும் பக்கத்தகட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடுக்கு நுண்புழை விசையால் எண்ணெயைத் தானாகவே உள்ளிழுத்துக்கொள்ளும். இடுக்கு நிரம்பியதும் இழுப்பு நின்றுவிடும், மிச்சம் வெளியே வழியும். ஆகையால் கருவியின் வேலை எண்ணெயை உள்ளே செலுத்துவதன்று, இடுக்கின் விளிம்பில் சரியான அளவைத் தொட்டு வைப்பதே. இந்த அளவுகோலைக் கொண்டே நான்கையும் பார்க்கிறேன்.

தெளிப்பான்

தெளிப்பான் என்றதும் நினைவுக்கு வருவது டபிள்யூடி-40. 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், ராக்கெட் கெமிக்கல் என்ற நிறுவனத்தில், உலோகப் பரப்பிலிருந்து நீரை விலக்கி அரிப்பைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்ட கலவை அது. நாற்பதாவது முயற்சியில் அமைந்தது என்பதைப் பெயரே சொல்கிறது. அதன் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் கரைப்பான். எஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். பழைய பிசுக்கு இறுகி அலகு அசையாமல் நிற்கும் கத்தியை அவிழ்ப்பதற்கும், கழுவிய கத்தியின் இடுக்குகளில் தங்கிய ஈரத்தை வெளியேற்றுவதற்கும் அதைப் போல் எளிதில் கிடைக்கும் பொருள் வேறில்லை. ஆனால் துப்புரவு என்ற கோணத்தில் பார்த்தால் நான்கில் இதுவே கடைசி. அதனுடன் வரும் மெல்லிய சிவப்புக் குழலைப் பொருத்தி எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும், வாயு அழுத்தத்தில் வரும் தாரை ஒரு நொடிக்குள் தேவையின் பல மடங்கைக் கொட்டிவிடும். பிடியின் பக்கங்களுக்கு அடியிலும் மடிப்பின் உட்பள்ளத்திலும் புகுந்தது மூன்று நாள்கள் கழித்தும் கசிந்துகொண்டிருக்கும். தெளிப்பான் மட்டுமே கையிலிருந்தால், மூடி ஒன்றில் சிறிது பீய்ச்சிக்கொண்டு, அதிலிருந்து ஊசியால் தொட்டு இடுவது ஒரு வழி. அப்படிச் செய்பவர் தெளிப்பானைக் கைவிட்டு ஊசிக்கே வந்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

மூக்குப் புட்டி

தையல் மெஷின் எண்ணெய் நம் வீடுகளில் பலகாலமாக இருந்துவரும் பொருள். நிறமற்றது, இளகியது, விலை குறைவு. எண்ணெயாக மட்டும் பார்த்தால் மடக்குக்கத்திக்குக் குறை சொல்ல முடியாதது. சிக்கல் அதன் புட்டியில் இருக்கிறது. அடைத்த மூக்கின் நுனியைக் கத்தரித்துக்கொள்ளும்படி விற்கிறார்கள். பெரும்பாலோர் தாராளமாகவே கத்தரிக்கிறார்கள். தையல் மெஷினுக்கு அது பொருத்தம்தான், ஏனெனில் அதன் தலையில் எண்ணெய் விடுவதற்கென்றே துளைகள் உண்டு; சொட்டு பெரிதாக இருந்தாலும் துளை வாங்கிக்கொள்ளும். கத்தியில் அத்தகைய துளை கிடையாது. இன்னொரு குறையும் உண்டு: பாதி காலியான புட்டியைக் கவிழ்த்துப் பிடித்தால் உள்ளங்கைச் சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, நாம் அழுத்தாமலே எண்ணெயை வெளித்தள்ளும்.

இதைத் திருத்திக்கொள்ள முடியாததில்லை. மூக்கைக் கத்தரிக்காமல், சூடாக்கிய குண்டூசியால் நுனியில் ஒரு துளை இட்டால் சொட்டு பாதிக்கு மேல் சிறுத்துவிடும். புட்டியை நிமிர்த்திய நிலையில் சற்றே அழுத்திக் காற்றை வெளியேற்றி, அழுத்தத்தைத் தளர்த்தாமல் கவிழ்த்து, பிறகு தேவைக்கேற்பக் கொஞ்சம் கூட்டினால், வேலை முடிந்து கையைத் தளர்த்தும்போது மூக்கில் நிற்கும் எண்ணெய் உள்ளே திரும்பிவிடும். இத்தனை செய்த பிறகும் இது இரண்டாம் தரக் கருவிதான். ஆனாலும் தெளிப்பானுக்கு வெகுதூரம் மேலே.

ஊசிமுனைப் புட்டியும் சிரிஞ்சும்

கத்திக்கென்று எண்ணெய் விற்கும் நிறுவனங்கள் பலவும் இன்று மழுங்கிய எஃகு ஊசியைப் புட்டியின் முனையில் பொருத்தி விற்கின்றன. ஐந்தாறு கத்திகளை வைத்திருந்து முறைவைத்துப் பராமரிப்பவருக்கு இதைவிட வேகமான கருவி கிடையாது. ஊசியின் நுனியை இடுக்கின் வாயில் வைத்து லேசாக அழுத்த, முத்துப் போன்ற ஒரு துளி திரண்டு, தொட்ட கணத்தில் உள்ளே போய்விடும். ஊசியின் வெளிப்பரப்பை மட்டும் அவ்வப்போது துடைத்து வைக்க வேண்டும். இல்லையெனில் எண்ணெய் ஊசியின் மேல் ஏறிப் படர்ந்து, மெல்லிய முனையே பருத்த முனையைப் போலப் பெரிய சொட்டுகளை விடத் தொடங்கும்.

இதற்குப் பதிலாக மருந்துக்கடையில் கிடைக்கும் இன்சுலின் சிரிஞ்சைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அளவுக்கோடுகள் இருப்பதால் துல்லியம் கூடும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் கணக்குக்கு முன் நிற்பதில்லை. இந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் 40 யூனிட் சிரிஞ்சில் ஒரு கோடு 0.025 மில்லிலிட்டர்; நமக்கு வேண்டியதோ அதில் ஐந்தில் ஒரு பங்கு. 100 யூனிட் சிரிஞ்சிலும் ஒரு யூனிட் 0.01 மில்லிலிட்டர், அதாவது தேவையின் இரு மடங்கு. எனவே கோடுகள் இங்கே பயன்படா. சிரிஞ்சின் உண்மையான பலம் அதன் மெல்லிய முனை எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு எதிராக மூன்று குறைகளை வைக்கலாம். கனிம எண்ணெயில் ஊறும் ரப்பர் முனை நாளடைவில் உப்பி இறுகும் என்பதால் எண்ணெயை அதிலேயே விட்டு வைக்க முடியாது. நுனி கூரானது, கத்தியின் அலகுக்கு அருகில் இன்னொரு கூர்முனையைக் கையாள்வதும், பிறகு அதைக் குப்பையில் போடுவதும் பொறுப்பான செயல்கள் அல்ல. மூன்றாவது, பாகுநிலை, அதாவது எண்ணெய் ஓடத் தயங்கும் தன்மை. குழலின் உள்விட்டம் பாதியாகக் குறைந்தால் அதே அழுத்தத்தில் பாயும் அளவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். தையல் மெஷின் எண்ணெய் தயங்கித் தயங்கியாவது வரும், கனமான லிக்விட் பாரஃபின் கட்டைவிரலை நோகடித்துவிட்டு, அழுத்தம் மிகுந்த ஒரு கணத்தில் வேண்டாத அளவு வந்து விழும். சிரிஞ்சுதான் வேண்டும் என்பவர் பிரிண்டருக்கு மை நிரப்பும் மழுங்கிய ஊசியை வாங்கிக்கொள்வது மேல்.

ஊசிக்காது

கடிகாரம் பழுதுபார்ப்போர் சக்கரங்களின் அச்சுமுனைக்கு எண்ணெய் இட, புட்டியையும் நாடுவதில்லை, சிரிஞ்சையும் நாடுவதில்லை. சிறு கிண்ணத்தில் எண்ணெயை வைத்துக்கொண்டு, மெல்லிய கம்பிக் கருவி ஒன்றால் தொட்டு எடுத்து வைக்கிறார்கள். அந்தக் கம்பியின் நுனி கூராக இருப்பதில்லை. சிறு மண்வெட்டியைப் போலத் தட்டையாக்கப்பட்டிருக்கும். காரணம் இருக்கிறது. கூம்பு வடிவ முனையில் எண்ணெய் நிற்காது, பருத்த பக்கம் நோக்கி ஏறிவிடும். குண்டூசியின் கூர்முனையை எண்ணெயில் தோய்த்துப் பார்த்தால் இதைக் கண்ணாலேயே காணலாம்: துளி நுனியில் தங்காமல் சற்று மேலே போய் அமரும், அதை இடுக்கில் வைக்க ஊசியைச் சாய்க்க வேண்டியிருக்கும், சாய்த்தால் பக்கத்தகடெல்லாம் பூசிக்கொள்ளும். பல்குத்தும் குச்சி இதைவிடப் பரவாயில்லை என்றாலும், மரம் எண்ணெயைத் தானே குடித்துவிடுவதோடு சில நேரம் நாரையும் உள்ளே விட்டுச்செல்லும்.

தையல் ஊசியைத் தலைகீழாகப் பிடித்தால் இந்தக் குறை நீங்கிவிடுகிறது. ஊசியின் காதில் எண்ணெய் ஒரு படலமாகத் தங்கும்; இடுக்கின் விளிம்பைத் தொட்டதும் அகன்ற துளையிலிருந்து குறுகிய இடுக்குக்கு இழுக்கப்பட்டு முழுவதும் இறங்கிவிடும். அளவை மாற்ற வேண்டுமானால் வேறு பருமனுள்ள ஊசியை எடுத்தால் போதும்: மெல்லிய ஊசியின் சிறிய காது சிறு கத்திக்கு, கோணி ஊசியின் காது பெரிய கத்திக்கு. ஒரு முறை இட்டது போதவில்லையென்றால் இன்னொரு முறை தொட்டு வைக்கலாம். இந்த வசதி, அதாவது குறைவாகத் தொடங்கிக் கூட்டிக்கொள்ளும் வசதி, மற்ற மூன்றிலும் இந்த அளவுக்கு இல்லை. கூர்முனை உள்ளங்கைப் பக்கம் இருப்பதால் அதை ஒரு ரப்பரிலோ கார்க்கிலோ குத்திவைத்துப் பிடியாக்கிக்கொள்வது அவசியம். வேகம் குறைவு என்பதே இதன் ஒரே பலவீனம். ஒன்றிரண்டு கத்திகள் மட்டுமே வைத்திருப்பவருக்கு அது பலவீனமே அன்று என்பதால் என் முதலிடம் இதற்குத்தான்.

எண்ணெய் பற்றிச் சில வரிகள் போதும். பழம் நறுக்கப் பயன்படும் கத்தியானால் மருந்துக்கடையில் விற்கும் லிக்விட் பாரஃபின் பாதுகாப்பானது. அது சிக்கு வாடை அடிப்பதில்லை, ஊசிக்காதிலும் நன்றாக நிற்கும். நல்லெண்ணெய் காற்றுப் பட்டுப் பிசினாகிவிடும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு விரைவில் கெடாது என்றாலும் சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடுவதால் ஊட்டியில் இருப்பவருக்கு உதவாது.

கத்தியின் அமைப்பும் தீர்ப்பை ஓரளவு மாற்றுகிறது. பக்கத்தகடே வளைந்து வந்து அலகின் அடியைத் தாங்கிப் பூட்டும் வகையில், எண்ணெய் போகக்கூடாத இடம் ஒன்று உண்டு: பூட்டும் தகடும் அலகும் முட்டிக்கொள்ளும் முகம். அந்த முகத்தில் எண்ணெய் பட்டால் பூட்டு வழுக்கி, விரல்மேல் அலகு மடியக்கூடும். இவ்வகைக் கத்திக்குத் தெளிப்பானைக் கொண்டுபோகவே கூடாது. அலகு மடிந்திருக்கும்போது அதைப் பிடித்துவைக்கும் சிறு குண்டு ஓடும் தடத்தில் மட்டும் ஊசிக்காதால் ஒரு தொடுதல் வைக்கலாம்; பூட்டின் முகத்தை ஸ்பிரிட் தோய்ந்த பஞ்சால் துடைத்துவிட வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் 1884-இல் கார்ல் எல்சனர் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்த விக்டோரினாக்ஸ் கத்திகளில் நிலைமை வேறு. 1897-இல் பதிவான அதிகாரிகள் கத்தியின் வழிவந்த இன்றைய 91 மில்லிமீட்டர் கத்திகளில் அலகுகள் ரிவெட்டால் பிணைக்கப்பட்டிருக்கின்றன, கழற்ற முடியாது. பூட்டும் இல்லை, முதுகிலுள்ள ஸ்பிரிங்கின் அழுத்தமே அலகை நிறுத்துகிறது. ஆகவே ரிவெட்டின் இருபுறமும் மட்டுமின்றி, அலகின் அடியும் ஸ்பிரிங்கும் உராயும் கோட்டிலும் எண்ணெய் வேண்டும். அலகைப் பாதி திறந்து நிறுத்தினால் அந்தக் கோடு வெளித்தெரியும். வெந்நீரில் கழுவி நன்றாக உலர்த்திய பிறகு, ஒவ்வோர் அலகுக்கும் மூன்று தொடுதல் இட்டுப் பலமுறை திறந்து மூடினால், இடைத்தகடுகளின் அலுமினியத் துகள் கலந்த கறுப்பு எண்ணெய் விளிம்பில் எட்டிப்பார்க்கும். அதைத் துடைத்துவிட்டு மறுபடி திறந்து மூடும்போது கறுப்பு வராவிட்டால் வேலை முடிந்தது. ஆறேழு அலகுகளும் கருவிகளும் அடுக்கிய பெரிய கத்தியானால், ஊசிக்காதைவிட ஊசிமுனைப் புட்டியே பொறுமையைக் காக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான்கு கருவிகளுமே தோற்கும் கத்தி பிரான்சின் சவோய் பகுதியிலிருந்து வரும் ஓப்பினெல். 1890-இல் தொடங்கிய அந்த வகையில் அலகு நேரடியாக மரப்பிடியின் பிளவுக்குள் சுழல்கிறது. 1955-இல் சேர்ந்த சுழல்வளையம் அதைப் பூட்டுகிறது. அங்கே உராய்வது மரமும் எஃகும். இளகிய எண்ணெய் எதை விட்டாலும் மரம் குடித்துவிடும், பிடியில் கறை மட்டும் தெரியும். மழைக்காலத்தில் மரம் உப்பி அலகை இறுக்குவதையும் இளகிய எண்ணெய் தடுப்பதில்லை. அதற்கு வாசலைனைப் பல்குத்தும் குச்சியின் தட்டையான முனையில் எடுத்துப் பிளவின் உட்பக்கத்தில் தடவி, ஹேர் டிரையரால் லேசாகச் சூடேற்றி மரத்துக்குள் இறங்கவிட்டு, ஆறியபின் மிச்சத்தைத் துணியால் வழித்தெடுப்பதே சரியான முறை.