பழைய ரோல்ஸ்-ராய்ஸ் வைத்திருப்பவர்களே, ஓட்டிப் பார்க்காதவரிடம் இன்ஜினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள்

என்னுடையது ரோல்ஸ்-ராய்ஸ் ட்வென்ட்டி. 1922 முதல் 1929 வரை தயாரான ஆறு சிலிண்டர், 3127 சிசி வண்டி. சமதளத்தில் ஒரு குறையும் இல்லை. நீண்ட ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே போனால் மட்டும் திணறும். காலைக் கொஞ்சம் தளர்த்தினால் மீண்டும் இழுக்கும். இதை அப்படியே ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். விண்டேஜ் கார்களில் தேர்ந்தவர்கள் என்று பெயர் வாங்கிய இடம்.

வண்டியை அவர்கள் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வால்வு போச்சு, ரிங் போச்சு" என்று இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிவிட்டார்கள். வால்வும் ரிங்கும் தேய்ந்திருக்கிறதா என்று காட்டும் கம்ப்ரெஷன் அளவு (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) கேட்டேன், பதிலே இல்லை. மாதக்கணக்கில் வைத்திருந்து, பெரிய பில்லோடு கொடுத்தார்கள். ஏற்றத்தில் அதே திணறல்.

அப்புறம்தான் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். திணறி நின்றதும் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரைத் திறந்தார். பெட்ரோலே இல்லை! நேராக ஆட்டோவாக்கை, அதாவது பெட்ரோலை இழுத்துச் சேர்த்துவைக்கும் சின்னத் தொட்டியைப் பார்த்தார்.

இந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் கிடையாது. இன்ஜினின் இன்லெட் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடம்தான் பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை ஆட்டோவாக்குக்கு இழுக்கிறது. அங்கிருந்து அது தானாகக் கார்புரேட்டருக்கு இறங்கும். த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும்போது வெற்றிடம் குறையும், அந்த நேரத்தை ஆட்டோவாக்கின் இருப்பு சமாளிக்கும். உள்ளே அடிவால்வு சரியாக உட்காராவிட்டாலோ, பைப் இணைப்பில் காற்று புகுந்தாலோ, இருப்பு தீர்ந்து பட்டினிதான். என் வண்டியில் இரண்டு கோளாறும் இருந்தன. காலைத் தளர்த்தினால் வெற்றிடம் கூடிப் பெட்ரோல் வரும் என்பதால்தான் வண்டி பிழைத்துக்கொண்டது. வால்வும் ரிங்கும் தேய்ந்திருந்தால் சமதளத்திலும் அது தெரிந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

ஹெட்டைப் பிரித்ததைக்கூட மன்னிக்கலாம். "பெட்ரோல் போதவில்லை" என்று, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளையைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அது ரோல்ஸ்-ராய்ஸே வடிவமைத்த கார்புரேட்டர், அதன் ஜெட் சாதாரணக் கடையில் கிடைக்காது. கழற்றிய பழைய வால்வுகளையும் திருப்பித் தரவில்லை.

கோளாறு வருகிற அதே நிலையில் வண்டியைப் பார்க்காமல் யாராவது ஹெட்டில் கை வைத்தால் உடனே தடுங்கள். கம்ப்ரெஷன் அளவை முன்னதாகவே எழுதி வாங்குங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகமும் உங்களிடம் திரும்ப வரவேண்டும் என்றும் எழுதி வாங்குங்கள். என் வால்வுகளைக் கேட்டு இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறேன், அவர்கள் எடுப்பதில்லை.