கிணற்று மோட்டர்

இந்த முறை கனடாவில் இருந்து போய், நல்லூர்த் திருவிழாவோடு சேர்த்து ஆறு கிழமை ஊரில் நின்றேன். யாழ்ப்பாணத்தில் வடமராட்சியில் அக்கா வீடு. வந்து இறங்கின மறுநாள் விடியப் பார்த்தால், அக்கா கிணற்றடியில் வாளியால் தண்ணீர் அள்ளிக்கொண்டு நிற்கிறார். மூன்று வருடத்துக்கு முதல் நான் காசு அனுப்பிப் போட்ட மோட்டர் அங்கே இல்லை. பைப்பை வெட்டின இடத்தில் பொலித்தீன் சுற்றிக் கட்டியிருந்தது.

"திருத்தக் குடுத்திருக்கு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பிறகுதான் அவர் கையில் காப்பு இல்லாததைக் கண்டேன். காஸ் சிலிண்டர் இருந்த இடத்தில் விறகடுப்பு எரிந்தது. அக்காவின் மகனுக்கு, என் பெறாமகனுக்கு, 23 வயது. பகல் முழுக்க அறையைப் பூட்டிக்கொண்டு படுத்தான், இரவில் வெளியே போனான், அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டைதான். மூன்றாம் நாள் அவன் அறையைக் கூட்டப் போனேன். மெத்தைக்குக் கீழே ஒரு ஈயத்தாள் கிடந்தது, நடுவில் கறுத்த கோடு. தூளை, அதாவது ஹெரோயினை, தாளில் வைத்து அடியில் நெருப்புக் காட்டினால், அது உருகி ஓடுகிற வழி அப்படிக் கறுக்கும். அந்தப் புகையைத்தான் இழுக்கிறார்கள்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு "தூளா, ஐஸா?" என்று கேட்டேன். ஐஸ் என்றால் மெத்தம்பெற்றமின், இன்னொரு போதைப்பொருள். அக்கா அப்படியே திண்ணையில் இருந்து அழத் தொடங்கினார். தூள்தானாம். இரண்டு வருடமாம். கிழமைக்கு இரண்டு தரம் வாட்ஸ்அப்பில் கதைத்திருக்கிறோம், ஒரு சொல் சொல்லவில்லை. "நீ அங்க இருந்து கவலைப்பட்டு என்ன செய்யப்போறாய்" என்றார். கணினி வகுப்புக்கென்று அவன் பெயருக்கே நான் மாதம் மாதம் அனுப்பிய காசு எங்கே போனது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

சரி, இனி என்ன செய்வது என்று விசாரிக்கத் தொடங்கினேன். ஊரில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். அதிகம் பேர் சொன்னது, "பொலிஸில பிடிச்சுக் குடுங்கோ, கோர்ட் புனர்வாழ்வுக்கு அனுப்பும்" என்பதுதான். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதிமன்றம் ஒருவரைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்பலாம், அது உண்மை. ஆனால் பிடிபடும் நேரத்தில் பையன் பொக்கற்றில் என்ன இருக்கிறது என்று தாய்க்குத் தெரியுமா? ஹெரோயின் 2 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் சட்டத்தில் எழுதியிருக்கும் தண்டனை மரணம் அல்லது ஆயுள். 2022இல் செய்த திருத்தத்தோடு ஐஸுக்கும் 5 கிராமில் இருந்து அதே நிலைதான். பிள்ளையைத் திருத்துவதாக நினைத்து அவனை வழக்குக்குள் தள்ளிவிட்ட தாய்மாரை எனக்குத் தெரியும். கட்டாயப் புனர்வாழ்வு என்றால் பொலன்னறுவைப் பக்கம் கந்தக்காடு. 2022 ஜூனில் அங்கே கலவரம் நடந்து ஒருவர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடிய செய்தி அக்காவுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தாமாக விரும்பிப் போகிறவர்களுக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்களை நடத்துகிறது. எனக்குச் சொன்ன இடங்கள் தலங்கம, பேராதனை, காலி, நிட்டம்புவ; எல்லாம் சிங்களம் பேசும் பக்கம். அவனுக்குச் சிங்களத்தில் பத்துச் சொல்லுக்கு மேல் வராது. மனதில் இருப்பதைக் கொட்டி அழவேண்டிய இடத்துக்கு, தாய்முகம் காண ஒரு நாள் பயணம் என்கிற தூரத்தில் அவனை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் ஒருவர் சொல்லி, வேறொரு மாவட்டத்தில் உள்ள தனியார் இடம் ஒன்றுக்கு வான் பிடித்துப் போனோம். மூன்று மாதக் காசை முதலே கட்டவேண்டும், அதுவரை வீட்டார் பார்க்க வரக்கூடாது. "டொக்டர் எப்ப வருவார்?" என்று கேட்டேன். "தேவையெண்டால் கூப்பிடுவம்." உள்ளே மொட்டை அடித்த பொடியள் வரிசையாக நிலத்தில் இருந்தார்கள். ஒருவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கேற்றுக்கு வெளியில் மாங்காய்ப் பூட்டு. காசை எடுத்துக்கொண்டே போயிருந்தேன், அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். வெளிநாட்டுக்காரர் காசு கட்டுவார்கள் என்று நம்பி நடக்கிற இடத்தில், எங்களைப் போன்றவர்கள் கேட்கவேண்டிய கேள்வி இரண்டுதான்: வைத்தியர் யார், எப்போது பிள்ளையைப் பார்க்கலாம்.

கடைசியில் வழி காட்டியது பக்கத்து ஒழுங்கையில் இருக்கும், ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் மாமி. "ஏன் பிள்ளை ஊரெல்லாம் திரியிறியள்? எங்கட ஆதார வைத்தியசாலையில உளநலப் பிரிவு இருக்கெல்லோ!" வீட்டில் இருந்து ஓட்டோவில் பத்து நிமிடம். காசு ஒரு சதமும் இல்லை. இரண்டு வருடமாக அக்கா அந்த வைத்தியசாலைக்குத்தான் தன் பிறஷர் மருந்து எடுக்கப் போய்வருகிறார்! உளநலம் என்றால் பைத்தியத்துக்கு மருந்து கொடுக்கிற இடம் என்று நினைத்து அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கிளினிக் நாளில் விடியவே போய் நம்பர் எடுத்தோம். அக்கா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வாங்கில் ஒரு ஓரமாக இருந்தார். எங்களுக்கு முன்னால் எங்கள் ஒழுங்கைக்காரி ஒருத்தியும் மகனோடு இருந்தா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காணாத மாதிரி வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த அக்கா தன் பையை எடுத்து மடியில் வைத்து, "இதில வந்து இருங்கோ, அங்க வெயில் அடிக்குது" என்றா. அதற்குப் பிறகு இரண்டு பேரும் கதைத்த கதையை நான் இடையில் வெட்டவில்லை. மோட்டரை அவன் எத்தனை ரூபாய்க்கு விற்றான் என்பதைக்கூட அக்கா என்னிடம் சொல்லவில்லை, அந்த வாங்கில்தான் சொன்னார்.

வைத்தியர் எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவனோடு மட்டும் அரைமணித்தியாலம் கதைத்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். "இவர் கள்ளன் இல்லை, இவருக்கு வருத்தம்" என்றுதான் தொடங்கினார். நிறுத்தின அரை நாளுக்குள் உடம்பு கேட்கத் தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாள்தான் மோசம், ஒரு கிழமையில் உடம்பு ஆறும், மனம் ஆற மாதக்கணக்காகும் என்று விளங்கப்படுத்தினார். ஐஸ் பாவிக்கிறவர்களுக்கு அது வேறு மாதிரியாம்: நாட்கணக்கில் நித்திரை இல்லாமல் ஆட்களைச் சந்தேகப்படுவார்கள், விட்டவுடன் எழும்பாமல் கிடப்பார்கள். அதற்கென்று தனியாக மருந்து இல்லை, திரும்பத் திரும்ப உட்கார்ந்து கதைப்பதுதான் முக்கிய வைத்தியம் என்றார்.

அவனை வார்ட்டில் மறித்தார்கள். மூன்றாம் நாளை நான் மறக்கமாட்டேன். கோழி உரித்த மாதிரி மேல் எல்லாம் புல்லரித்திருந்தது. மூக்கும் கண்ணும் ஓடின, ஓயாத கொட்டாவி, வயிற்றோட்டம். கால்கள் தன்பாட்டில் உதைத்தன. "சின்னம்மா, எலும்புக்குள்ள ஆரோ இழுக்கினம்" என்றான். வாந்திக்கும் மேல்நோவுக்கும் நித்திரைக்கும் குளிசை கொடுத்தார்கள். நான் அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு இருந்தேன். சின்னனில் காய்ச்சல் வந்தாலும் அவன் அந்தக் காலைத்தான் நீட்டுவான்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடும் நாளில் வைத்தியர் சொன்ன ஒன்றை வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்ல விரும்புகிறேன். விட்டுவிட்டு வந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஒரு மாதம் கழித்து "ஒருக்கா மட்டும்" என்று முந்தி எடுத்த அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சுகமாகிவிட்டான் என்று எல்லாரும் ஆறுதல் அடைகிற நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம். அதனால் வழுக்கினால் மறைக்காமல் வந்து சொல்லக்கூடிய மாதிரி வீடு இருக்கவேண்டும் என்றார். "ஏச வேண்டாம் அம்மா. ஏசினால் ஒளிச்சு எடுப்பார். ஒளிச்சு எடுக்கிறவனை ஆரும் காப்பாத்தேலாது."

இதற்கிடையில் லண்டன் அண்ணா தினமும் போன். "கனடாவுக்கு எடுத்துவிடு, எல்லாம் சரிவரும்." நான் அவரோடு சண்டையே பிடித்தேன். கனடாவில் 2016இல் இருந்து இந்த வகைப் போதைப் பொருட்களால் இறந்தவர்கள் 50,000 பேருக்கு மேல். ஒன்ராறியோவில் மூச்சு நின்றவரை மீட்கிற நலொக்சோன் மருந்தை மருந்துக் கடைகளில் சும்மா கொடுக்கிறார்கள் என்றால், நிலைமை அவ்வளவு மோசம் என்றுதானே அர்த்தம்? தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத குளிருக்குள் அவனைக் கொண்டுபோய் விட்டு என்ன செய்வது?

காசு விஷயத்தை மாற்றினோம். அவன் கைக்குப் போவதில்லை. கடைக்காரருக்கு மாதக் கணக்கை நானே கட்டுகிறேன். குளிசையை அக்கா நாளுக்கு நாள் எண்ணிக் கொடுக்கிறார், மிச்சம் அலுமாரிக்குள் பூட்டில். பழைய போன் நம்பரை அவனே மாற்றிக் கேட்டான். விற்கிறவர்கள் அதில்தான் கூப்பிடுவார்களாம். முதலில் ஆரோடும் போனில் கதைத்துப் பார்க்க விரும்பினால், மேலே சொன்ன கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927, தேசிய உளநல நிறுவனத்தின் இலக்கம் 1926. கொழும்பில் பிள்ளைகள் இருப்பவர்களுக்குச் சுமித்திரயோ என்ற தொண்டு அமைப்பின் மெல் மெதுர நிலையம் இலவசமாக உதவுகிறது.

நான் வெளிக்கிட முதல் புது மோட்டர் வாங்கித் தரவா என்று கேட்டேன். அக்கா வேண்டாம் என்றார். விடியவும் பின்னேரமும் அவன்தான் இப்போது தண்ணீர் அள்ளுகிறான், அந்த நேரம் அவர் கிணற்றுக் கட்டில் இருந்து அவனோடு ஏதாவது கதைக்கிறார்.

நான் திரும்பி வந்து ஐந்தாம் கிழமை ஒருநாள் அவன் வழுக்கினான். இரவு பதினொரு மணிக்குத் தாயை எழுப்பிச் சொல்லியிருக்கிறான். அக்கா ஏசவில்லை. விடிய முதல் ஓட்டோவில் இரண்டு பேரும் கிளினிக்குக்குப் போனார்கள். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி எழுதியிருந்த பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்.