பழைய நிக்கான் டி7000: இரண்டாம் கையாக வாங்கி இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய பின்

நான் வைத்திருக்கும் நிக்கான் டி7000 கேமரா என் கைக்கு வரும்போதே ஏறத்தாழ 38,000 படங்களை எடுத்து முடித்திருந்தது. அதே நேரத்தில், கிட்டத்தட்ட அதே விலைக்கு, இரண்டு ஆண்டுகள் பிந்தி வெளிவந்த டி3200 ஒன்றும் கிடைத்தது. அது 24 மெகாபிக்சல். 2010இல் வந்த டி7000 வெறும் 16.2 மெகாபிக்சல். எண்களை மட்டும் பார்த்தால் புதியதை எடுப்பதுதான் நியாயம். நான் பழையதை எடுத்தேன், இன்றுவரை வருந்தவில்லை.

காரணம் லென்ஸ் பொருந்தும் வளையத்தின் கீழ்ப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும், திருப்புளி முனை போன்ற ஒரு சிறிய உலோகத் துண்டு. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார் இந்த முனையின் வழியாகத்தான், தமக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களைச் சுழற்றி ஃபோகஸ் செய்கிறது. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் இந்த மோட்டார் கிடையாது. அவற்றில் அதே லென்ஸை மாட்டினால் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்கு மலிவாகக் கிடைக்கும் நல்ல லென்ஸ்களில் பல ஏஎஃப்-டி வகையைச் சேர்ந்தவை என்பதால், மோட்டார் இல்லாத பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) எடுத்தால் பிறகு லென்ஸ் வாங்கும்போது பணம் கரைந்துவிடும். ஃபோகஸ் ஆகும்போது வரும் 'கிர்ர்' என்ற சத்தம் தூங்கும் குழந்தையை எழுப்பிவிடும் என்பது வேறு கதை.

இரண்டாவது காரணம் வியூஃபைண்டர், அதாவது கண்ணை வைத்துக் காட்சியைப் பார்க்கும் துளை. டி3200இல் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற தகடுகளால் ஆன அமைப்பு. காட்சியில் ஏறத்தாழ 95 விழுக்காடுதான் கண்ணுக்குத் தெரியும். டி7000இல் திடக் கண்ணாடிப் பட்டகம் இருப்பதால் காட்சி வெளிச்சமாகவும் ஏறத்தாழ முழுமையாகவும் தெரிகிறது. கடையில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்துப் பார்த்த அரை நிமிடத்திலேயே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

படத் தரத்தைப் பொறுத்தவரை, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு) 100இல் 14-பிட் ராவாக, அதாவது சென்சார் பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுத்த படத்தில் இருண்ட பகுதிகளைக் கணினியில் கணிசமாக வெளிச்சப்படுத்தினாலும் கறைபோல் புள்ளிகள் கிளம்புவதில்லை. ஐஎஸ்ஓ 1600 வரை தயக்கமின்றிப் போகலாம். ஐஎஸ்ஓ 3200இல் மணல் தூவியதுபோல் ஆகிவிடுகிறது, ஆனாலும் வீட்டில் மாட்டும் அளவு அச்சுக்குத் தாங்கும்.

குறைகளும் உண்டு. ராவில் தொடர்ந்து எடுத்தால் பத்துப் படங்களுக்குள் கேமரா மூச்சு வாங்கத் தொடங்கும், ஆகவே பறவை பறப்பதைத் தொடர்ந்து எடுப்பவருக்கு இது ஆகாது. கடும் வெயிலில் இருண்ட பொருளை நோக்கிப் பிடித்தால் வானம் வெளுத்துப்போகிறது. அதனால் படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை (எக்ஸ்போஷரை) நான் எப்போதும் அரைப்படி குறைத்தே வைத்திருக்கிறேன். புதிய ஏஎஃப்-பி வகை லென்ஸ்கள் இதில் வேலை செய்யாது என்பதை லென்ஸ் வாங்கும் முன்பே நினைவில் வைக்க வேண்டும். காணொளிக்காக வாங்குபவர் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

வாங்கும்போது எல்லோரும் ஷட்டர் எண்ணிக்கையைத்தான், அதாவது கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்தது என்பதைத்தான், கேட்கிறார்கள். நிக்கான் கேமராவில் அது திருத்தப்படாத ஜேபெக் படத்தோடு சேர்ந்தே இருக்கும் எக்ஸிஃப் தகவலிலேயே பதிவாகியிருக்கும் என்பதால், அப்போதே எடுத்த ஒரு படத்தை வாங்கிக் கணினியில் எக்ஸிஃப் தகவலை முழுதாகக் காட்டும் மென்பொருளில் திறந்தால் போதும். இந்த மாடலின் ஷட்டர் 1,50,000 முறை இயக்கிச் சோதிக்கப்பட்டது. ஆனால் 5,000 படம் மட்டும் எடுத்துவிட்டுப் பல ஆண்டுகள் ஈரமான அலமாரியில் கிடந்த கேமராவைவிட, 50,000 படம் எடுத்து நாள்தோறும் வெளியே போய்வந்த கேமராவையே நான் நம்புவேன். சென்சாரில் தூசி இருக்கிறதா என்று பார்க்க, அப்பெர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) எஃப்/16 என்ற சிறிய அளவில் வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை, தூசி சென்சாரோடு ஒட்டியிருப்பதால் அது மட்டும் கரும்புள்ளியாக நிற்கும். மெனுவில் பேட்டரித் தகவல் என்ற இடத்தில் அதன் வயது 0 முதல் 4 வரை காட்டப்படும். 4 என்றிருந்தால் புதிய பேட்டரிக்கான தொகையை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள்.

பாடியை இவ்வளவு கவனமாகப் பார்த்த நான் லென்ஸில் கோட்டைவிட்டேன். அதே கடையில் வாங்கிய 50 மிமீ எஃப்/1.8டி லென்ஸை வெளிப்புறம் பளபளப்பாக இருந்ததால் அப்படியே பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தபோதுதான் உட்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல்போல் பூஞ்சை படர்ந்திருப்பது தெரிந்தது. வெளிச்சத்தை எதிர்நோக்கி எடுத்த படங்களெல்லாம் புகை மூடியதுபோல் வந்தன. விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அந்த லென்ஸை மற்றவற்றோடு சேர்த்து வைக்கப் பயந்து, தனி டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்திருக்கிறேன்.

இந்த மாடலில் கட்டைவிரல் பதியும் இடத்து ரப்பர் கிளம்புவது பலருக்கும் நேர்ந்ததுதான். எனக்கு எட்டாவது மாதத்தில் அது மேலெழுந்தது. மெல்லிய இருபக்க ஒட்டுநாடாவை அளவாக வெட்டி ஒட்டிவிட்டேன், இன்னும் அப்படியே இருக்கிறது.