தேனிலவுக்கு அந்தமானா, பாம்பன் தீவா?

தேனிலவுக்கு ராமேஸ்வரம் என்றதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். "அறுபதாம் கல்யாணம் முடித்துவிட்டுப் போக வேண்டிய ஊருக்கு இப்போதே என்ன அவசரம்?" என்றார் அத்தை. ராமநாதபுரத்திலேயே பிறந்து வளர்ந்த என் கணவருக்கும் முகம் சுருங்கிவிட்டது. பள்ளிச் சுற்றுலாவில் தொடங்கி, தாத்தாவின் அஸ்தியைக் கரைத்தது வரை அவர் பார்த்துச் சலித்த தீவு அது. அவர் மனத்தில் இருந்தது அந்தமான். நான் மதுரைக்காரி, முழங்கால் நனைந்தால் எனக்கு எல்லாம் கடல்தான்.

மாலத்தீவுக்கு ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தோம். பாதியிலேயே காகிதத்தை மடித்து வைத்துவிட்டோம். லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எங்களுக்கு இருந்ததோ ஐந்து நாள் விடுப்பு. ஆக, போட்டி அந்தமானுக்கும் ராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் தீவுக்கும்தான்.

அந்தமானுக்கு நான் போனதில்லை. பெரியப்பா மகள்கள் இருவர் போய் வந்திருக்கிறார்கள். மூத்தவள் போனது தை மாதம். ஹேவ்லாக்கில், அதாவது இப்போது ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றியிருக்கும் இடத்தில், ராதாநகர் கடற்கரையில் எடுத்த படங்களை இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறாள். கண்ணாடி போன்ற தண்ணீர், பவளப்பாறை, ஸ்கூபா. இதிலெல்லாம் பாம்பன் போட்டிக்கே வர முடியாது. நீந்தத் தெரிந்த தம்பதிகள் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. இளையவள் போனது எங்களைப் போலவே ஆவணியில். விமானம் சென்னையிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் போர்ட் பிளேரில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ஹேவ்லாக் போகும் கப்பல் கடல் கொந்தளிப்பால் நின்றுவிட்டது. இரண்டு இரவு போர்ட் பிளேர் விடுதி ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது யார் தவறும் இல்லை. அங்கே வைகாசியில் பிடிக்கும் தென்மேற்குப் பருவமழை புரட்டாசி வரை விடாது.

ஆவணியில் எங்கள் பக்கம் நிலைமை தலைகீழ். ராமநாதபுரத்துக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவம்தான். ஆவணியில் வானம் காய்ந்து கிடக்கும். ஆனால் கச்சான் அடிக்கும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று பாம்பன் பாலத்தில் எங்கள் பைக்கை ஓரமாகத் தள்ளியது. ஒரு கையால் அவர் இடுப்பையும் மறு கையால் துப்பட்டாவையும் பிடித்துக்கொண்டு நான் கண்ணை மூடிவிட்டேன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலமும் 2025இல் திறந்த புதியதும் அருகருகே நிற்கும் அழகைத் திரும்பி வரும்போதுதான் பார்த்தேன்.

இப்படிக் காற்றடிக்கும் இடத்தில் கடலில் எப்படிக் கால் வைப்பது என்றுதான் நானும் பயந்தேன். அங்கேதான் இந்தத் தீவின் சூட்சுமம் இருக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள்; அமைதியானதைப் பெண்கடல் என்றும் சீறுவதை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. (பெண் என்றால் அமைதியாம். என் அத்தையை இவர்கள் பார்த்ததில்லை.) கச்சான் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். மார்கழி, தையில் வாடை அடிக்கத் தொடங்கினால் வடகடல் கலங்கித் தென்கடல் அடங்கிவிடும். அதாவது எந்தக் காற்று அடித்தாலும் தீவின் ஏதோ ஒரு பக்கம் உங்களுக்காகச் சும்மா இருக்கும். மறுபக்கம் போகக் கப்பல் வேண்டாம், பைக்கில் கொஞ்ச நேரம் போதும்.

தனுஷ்கோடிச் சாலையில் இதை ஒரே பார்வையில் பார்க்கலாம். 1964 புயலில் அழிந்த ஊரைத் தாண்டி, தீவின் நுனியான அரிச்சல்முனை நோக்கிப் போகும்போது தீவு ஒடுங்கிக்கொண்டே வருகிறது. நாங்கள் போன அன்று வலப்பக்கம் அலை கல்லில் மோதிச் சாலை வரை தெறித்தது. இடப்பக்கம் ஒரு சிறுவன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தான். முனையில் இறங்கிக் குளிக்க ஆசைப்படாதீர்கள், நீரோட்டம் பொல்லாதது. இருட்டுவதற்கு முன்பே போலீசார் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், ஆகவே நிலவொளியில் தனுஷ்கோடி என்ற கனவையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வரவும்.

அறை விஷயத்தில் நாங்கள் முதல் இரவே ஏமாந்தோம். கோயிலுக்குப் பக்கத்தில் கடல் தெரியும் அறை என்று ஒரு விடுதியில் பதிவு செய்திருந்தோம். வரவேற்பில் இருந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தர்ப்பணத்துக்கு ஐயரை ஏற்பாடு செய்யட்டுமா?" என்றார். என் கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை. அதிகாலை ஸ்படிகலிங்க தரிசனத்துக்கும் பிறகு 22 தீர்த்தங்களுக்கும் கிளம்பும் கூட்டத்தின் வாளிச் சத்தம் நாலு மணிக்கே தொடங்கிவிட்டது. மறுநாள் தங்கச்சிமடம் பக்கம், வடகடலை ஒட்டித் தென்னந்தோப்புக்குள் இருந்த ஒரு வீட்டு அறைக்கு மாறினோம். வாடகை பாதி. குழாயில் வருவது உப்புத் தண்ணீர்; சோப்பு நுரைக்கவில்லை, குடிக்கக் கேன் வாங்கினோம். ஆனால் வாசலில் இறங்கினால் கணுக்கால் ஆழத்தில் கடல், மூன்று நாளும் அப்படியே. அதே அறையைத் தையில் எடுத்திருந்தால் வாடை முகத்தில் அறைந்திருக்கும். கடல் தெரியுமா என்று மட்டும் கேட்டு அறை எடுத்தது எங்கள் தவறு. எந்தக் கடல் என்று கேட்டிருக்க வேண்டும்.

குறைகளை மறைக்கவில்லை. தனிமை கிடைப்பது அரிது. பகல் வேளைகளில் வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். நீச்சலுடையில் இறங்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை, சுடிதாரோடுதான் நனைந்தேன். குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் படகில் போகும் திட்டமும் தென்கடல் சீற்றத்தால் நடக்கவில்லை. சாப்பாடு மட்டும் ஈடு செய்தது. வீட்டுக்காரம்மா தினமும் நண்டோ கணவாயோ சமைத்துக் கொடுத்தார். வைகாசிக் கல்யாணக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், மீன் வரத்து குறைவாகவே இருக்கும்.

செலவு, நான்கு இரவுக்குப் பெட்ரோல் உட்பட 13,000 ரூபாய்க்குள் முடிந்தது. தைக் கல்யாணமாக இருந்திருந்தால் நானும் அந்தமான் பக்கமே சாய்ந்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் என் கணவர் இப்போது கட்சி மாறிவிட்டார். கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்குமாம். தையில் இன்னொரு முறை போகலாம், இந்தத் தடவை தென்கடல் பக்கம் அறை எடுப்போம் என்கிறார். அத்தையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குக் கோயில் பக்கத்திலேயே அறை வேண்டுமாம்.